துளை விழுந்தால் செல் செத்துவிடுமா?

"பாக்டீரியாவின் நச்சு செல் சவ்வில் ஓட்டை போடும், செல் பலூன் மாதிரி வெடிக்கும், அவ்வளவுதான்." நுழைவுத்தேர்வுக் குறிப்பேடுகளில் இதே வரி, காணொளிகளில் இதே வரி. நுண்ணுயிரியல் பட்டம் வாங்கியவர்களும் இதையே ஒப்பிக்கிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஓட்டை போடும் என்பது மட்டும்தான் இதில் சரி.

நம்பிக்கை: சவ்வில் துளை விழுந்த செல் பிழைக்காது.

உண்மை: பிழைக்கும். பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

தொண்டை அழற்சி உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ், ஸ்ட்ரெப்டோலைசின் ஓ என்ற நச்சை வெளியிடுகிறது. அதன் மூலக்கூறுகள் சவ்வின் கொலஸ்ட்ராலைப் பற்றிக்கொண்டு வளையமாகக் கூடி, 25 முதல் 30 நானோமீட்டர் அகலத்துக்குத் துளை போடுகின்றன. புரதங்களே புகுந்து போகும் அளவு அது.

செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியம், உள்ளே இருப்பதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு அதிகம். துளை வழியே அது உள்ளே பாய்ந்ததும் செல் விழித்துக்கொள்கிறது. அனெக்சின் புரதங்கள் சேதமான இடத்தில் குவிகின்றன. பள்ளியில் 'தற்கொலைப் பை' என்று நாம் மனப்பாடம் செய்த லைசோசோம்கள் சவ்வோடு இணைந்து நொதிகளை வெளியே கொட்டுகின்றன. அதன் விளைவாகச் சவ்வு உள்நோக்கி மடிகிறது. நச்சு வளையம் புரதத்தால் ஆனது, வெறுமனே ஒட்டுப்போட்டு அதை அடைக்க முடியாது. அதனால் வளையம் பதிந்த சவ்வுத் துண்டையே செல் சிறு குமிழாக வெளியே உதறுகிறது, அல்லது உள்ளே இழுத்துச் செரிக்கிறது.

சான்று வேண்டுமா? ஜெர்மனியின் மைன்ஸ் நகர ஆய்வாளர்கள் 2001இல் இதே நச்சைக் கொண்டு உயிருள்ள செல்களில் துளையிட்டு, புரதங்களை உள்ளே செலுத்தி, கால்சியம் சேர்த்துத் துளைகளை மூடவைத்தார்கள். செல்கள் உயிரோடு இருந்தன. துளை விழுந்தாலே சாவு என்றால் இந்த ஆய்வுமுறையே சாத்தியமில்லை.

பிறகு இந்தத் தவறான எண்ணம் எங்கிருந்து வந்தது? ஆய்வகத்தின் ரத்த அகார் தட்டிலிருந்துதான். பாக்டீரியாவைச் சுற்றிச் சிவப்பணுக்கள் உடைந்து தெளிந்த வளையம் தெரிகிறது. அதைப் பார்த்துவிட்டு எல்லாச் செல்லும் இப்படித்தான் என்று முடிவுகட்டிவிடுகிறோம். சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, லைசோசோமும் இல்லை. பழுதுபார்க்கும் கருவிகளில் பெரும்பாலானவற்றை இழந்த ஒரு செல்லைக் காட்டி, தோல், நுரையீரல், குடல் செல்களின் தலைவிதியைச் சொல்வது அறிவியல் ஆகாது.

நம்பிக்கை: துளை எவ்வளவு பெரிதோ, ஆபத்தும் அவ்வளவு பெரிது.

உண்மை: அப்படி ஒரு கணக்கு இல்லை. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸின் ஆல்பா நச்சு மூலக்கூறுகள் ஏழு கூடி, 2 நானோமீட்டருக்கும் குறுகிய துளை போடுகின்றன. கால்சியம் அதன் வழியே தாராளமாகப் பாய்வதில்லை. அதனால் சில செல்கள் மீளப் பல மணி நேரம் ஆகிறது.

நம்பிக்கை: துளை மூடிவிட்டால் பாதிப்பே இல்லை.

உண்மை: துளை வழியே பொட்டாசியம் வெளியேறினாலே அழற்சியைத் தூண்டும் புரதக் கூட்டமைப்பு செல்லுக்குள் விழித்துவிடும். நச்சு அளவு மீறினால் பழுதுபார்ப்பும் தோற்கும்.

நம்பிக்கை: ஆன்டிபயாடிக் கொடுத்தால் நச்சும் ஒழிந்துவிடும்.

உண்மை: பாக்டீரியா சாவது வேறு, ஏற்கெனவே வெளியான நச்சு செயலிழப்பது வேறு. கடுமையான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றில் பெனிசிலினோடு கிளிண்டாமைசினையும் மருத்துவர்கள் சேர்ப்பது, புதிய நச்சு உற்பத்தியைத் தடுக்கத்தான்.

நம்பிக்கை: 'டீடாக்ஸ்' பானம் செல்லின் ஓட்டையை அடைக்கும்.

உண்மை: அடைக்காது. காசைத் தண்டமாக்காதீர்கள்.

கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரத்த அகாரோடு செய்முறை வகுப்பை முடித்துவிடாதீர்கள். வளர்ப்புச் செல்களுக்குக் குறைந்த அளவு நச்சைக் கொடுத்து, ஒரு குழாயில் கால்சியத்தோடும் இன்னொன்றில் கால்சியம் இல்லாமலும் வையுங்கள். பிறகு புரோபிடியம் அயோடைடு சாயம் விடுங்கள். துளை மூடிய செல்லுக்குள் சாயம் போகாது, மூடாத செல் சிவப்பாக ஒளிரும். வசதியில்லாத கல்லூரிகள் பக்கத்திலுள்ள பல்கலைக்கழக ஆய்வகத்தோடு சேர்ந்து செய்யலாம். பாடத்திட்டக் குழுக்கள் இதைக் கட்டாயச் செய்முறை ஆக்க வேண்டும். செல் தன்னைப் பழுதுபார்ப்பதைக் கண்ணால் பார்த்த மாணவர், பலூன் கதையை அடுத்தவருக்குச் சொல்லமாட்டார்.