தீ மேல்நோக்கி ஓடும்

சந்தாபுரா, பெங்களூருக்கு அருகே ஓசூர் சாலையில் இருக்கும் ஊர். இங்கே தமிழர்கள் பலர் உழைத்து வாழ்கிறார்கள். விடுமுறை நாள் வந்தால் பிள்ளைகள் கேட்கிறார்கள்: “எங்காவது மலைக்குப் போய் வருவோமா?”

போகலாம். மலை ஏறுவது உடம்புக்கு நல்லது. மனத்துக்கும் நல்லது. ஆனால் காட்டு மலைக்கு எப்போது போவது, எப்படிப் போவது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். குரங்கணி மலையில் நடந்ததைப் படியுங்கள்.

குரங்கணியில் நடந்தது

குரங்கணி ஒரு மலைக் கிராமம். தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து செங்குத்தான காட்டுப் பாதை மேலே போகிறது. மலை முகட்டில் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழுவும், ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு குழுவும் அந்த மலையில் இருந்தன. அவர்களில் பெண்கள் பலர். அது கோடைக்காலம். புல் காய்ந்து கிடந்தது. காட்டில் தீ பரவியது. காற்றும் வீசியது. இரண்டு குழுவினரும் தீயில் சிக்கிக்கொண்டார்கள்.

ஊர் மக்கள் ஓடி வந்து உதவினார்கள். விமானப் படையின் ஹெலிகாப்டர்களும் வந்தன. ஆனாலும் 23 பேர் இறந்துபோனார்கள்.

அவர்களில் பலர் இளம் வயதினர். நன்றாக நடக்கக்கூடியவர்கள். அவர்களாலும் தீயிலிருந்து தப்ப முடியவில்லை. ஏன்?

ஒரு தீக்குச்சி சொல்லும் பாடம்

தீக்குச்சியைக் கொளுத்தி, அதன் தலை மேலே இருக்கும்படி பிடித்தால் மெல்ல எரியும். தலையைக் கீழே சாய்த்தால் சுடர் சட்டென்று விரலை நோக்கி ஏறும்.

மலைச் சரிவிலும் இப்படித்தான். தீயின் சூடு மேலே போகும். மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய வைக்கும். அதனால் தீ மேல்நோக்கி வேகமாக ஓடும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். மனிதனுக்கோ, மலை ஏற ஏற மூச்சு வாங்கும். வேகம் குறையும்.

இப்போது உள்ள விதிகள்

இந்தத் துயரத்துக்குப் பிறகு, 2018இல் தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீ பிடிக்கும் காலம். அப்போது மலையேற்றத்துக்கு அனுமதி இல்லை. 2024 அக்டோபரில் 40 மலைப் பாதைகளை அரசு முறைப்படுத்தித் திறந்தது. அவற்றில் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூட வருகிறார்கள்.

நமக்குப் பக்கத்தில் பன்னேர்கட்டா காடு இருக்கிறது. 1974இல் அது தேசியப் பூங்கா ஆனது. அது யானைகள் வாழும் காடு. அதற்குள்ளும் வனத்துறையின் அனுமதி இல்லாமல் நடந்து போகக் கூடாது.

நினைவில் வைப்போம்

* வனத்துறையிடம் அனுமதி பெற்று, வழிகாட்டியோடு போவோம்.
* எந்தப் பாதையில் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவோம்.
* காலையில் ஏறி, இருட்டும் முன் இறங்குவோம். தண்ணீர் எடுத்துப் போவோம்.
* பருத்தி உடை உடுத்துவோம். நைலான் துணி சூட்டில் உருகித் தோலில் ஒட்டும்.
* பீடி, சிகரெட், தீப்பெட்டி கொண்டு போக மாட்டோம்.
* புகை தெரிந்தால் உடனே திரும்புவோம்.
* கீழே தீ எரிந்தால் மேலே ஓடக் கூடாது. பக்கவாட்டில் விலக வேண்டும். வெறும் பாறை, புல் இல்லாத நிலம், முன்பே எரிந்து அணைந்த இடம் ஆகியவற்றுக்குப் போக வேண்டும்.
* குறுகிய பள்ளத்துக்குள் ஒளியக் கூடாது. புகைபோக்கியைப் போல அது தீயை இழுக்கும்.
* அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை அழைப்போம்.

மலை எங்கும் போய்விடாது. மார்ச்சில் ஏற முடியாவிட்டால், மழைக்குப் பிறகு ஏறலாம்.

பேசுவோம்

1. மலைச் சரிவில் தீ ஏன் மேல்நோக்கி வேகமாக ஓடுகிறது?
2. மார்ச் மாதத்தில் காட்டு மலைக்குப் போக நண்பர் அழைக்கிறார். அவரிடம் என்ன சொல்வீர்கள்?