கல்யாண கேசட்டும் அம்மாவின் குரலும்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் வழியில் புத்தலப்பட்டு இருக்கிறது. சுற்றிலும் மாந்தோப்புகள். காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலும் அங்கிருந்து அதிக தூரம் இல்லை. இது ஆந்திரப் பிரதேசம். கடைத்தெருவில் தெலுங்கு பேசுவார்கள். பல வீடுகளில் தமிழ் பேசுவார்கள்.

அந்தப் பக்கத்து அக்கா ஒருவரின் கதை இது.

அக்காவுக்கு 1994-ஆம் ஆண்டு கல்யாணம் நடந்தது. கல்யாணத்தை வீடியோ எடுத்தார்கள். அந்தக் காலத்தில் வீடியோ என்றால் பெரிய கேசட். அதைப் போட்டுப் பார்க்க ‘டெக்’ வேண்டும். டெக்கை வாடகைக்கு எடுத்து வந்து, தெருவே கூடி உட்கார்ந்து பார்த்தார்கள்.

நலங்கு வைக்கும்போது அக்காவின் அம்மா ஒரு பாட்டுப் பாடினார். அதுவும் கேசட்டில் இருந்தது. இரண்டு ஆண்டு கழித்து அம்மா இறந்துவிட்டார். வீட்டில் அம்மாவின் போட்டோ ஒன்று உண்டு. ஆனால் அவருடைய குரல்? அது அந்தக் கேசட்டில் மட்டும்தான் இருந்தது.

நாள் ஆக ஆக டெக்குகள் மறைந்தன. பழுது பார்ப்பவர்களும் குறைந்தார்கள். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் கடைசிவரை டெக் தயாரித்து வந்தது. அதுவும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. கேசட்டை டிஸ்க்கில் மாற்றிவிட அக்கா முடிவு செய்தார். சித்தூரில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தார். மூன்றாம் நாள் டிவிடி கைக்கு வந்தது.

“அக்கா, இனி இந்தக் கேசட் எதற்கு? இங்கேயே போட்டுவிட்டுப் போங்களேன்” என்றார் ஸ்டுடியோ தம்பி.

“இல்லை தம்பி, இருக்கட்டும்” என்று அக்கா கேசட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று இரவு எல்லோரும் டிவி முன் உட்கார்ந்தார்கள். நாதஸ்வரம் நன்றாகக் கேட்டது. படமும் நன்றாகத் தெரிந்தது. நலங்குப் பாட்டு வந்தது. அம்மா வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. பிறகு வந்தது. அம்மா பாடி முடித்து வாயை மூடிவிட்டார். குரல் மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

அக்கா எழுதிய சீட்டு

மறுநாள் அக்கா டிவிடியை மறுபடி போட்டார். பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டார். அவர் மாலை நேர வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். எண்களும் தெரியும். பிளேயரில் ஓடும் நேரத்தைப் பார்த்தார். படத்துக்கும் ஒலிக்கும் எத்தனை நொடி வித்தியாசம் என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். எழுதினார்.

5 நிமிடம், நாதஸ்வரம்: சரி.
30 நிமிடம், மேளக்காரர் குச்சி அடிக்கிறார்: சத்தம் 1 நொடி தாமதம்.
60 நிமிடம், தாலி கட்டும்போது கெட்டிமேளம்: 2 நொடி தாமதம்.
90 நிமிடம், அம்மா பாட்டு: 3 நொடி தாமதம்.

சீட்டை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனார். தம்பி வாங்கிப் படித்தார்.

“அக்கா, நீங்கள் வெறுமனே ‘சத்தம் சரியில்லை’ என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றும் புரிந்திருக்காது. இந்தச் சீட்டிலேயே பாதி வைத்தியம் இருக்கிறது” என்றார்.

அது எப்படி? பார்ப்போம்.

படம் எப்படி ஓடுகிறது?

வீடியோ என்பது ஓடும் படம் அல்ல. அது நிற்கும் படங்களின் வரிசை. நம் நாட்டு முறையில் ஒரு நொடிக்கு 25 படங்கள். வேகமாக மாறுவதால் ஓடுவதுபோல் நமக்குத் தெரிகிறது. ஒரு மணி நேரத்தில் 3,600 நொடிகள். அப்படியானால் ஒரு மணி நேர வீடியோவில் 90,000 படங்கள்.

ஒலி தனி. படம் தனி. கம்ப்யூட்டர் இரண்டையும் சேர்த்து ஓட்டுகிறது. ஒரு வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகள் போல. ஒன்று பின்தங்கினால் வண்டி கோணலாகிவிடும்.

கேசட்டை மாற்றும்போது, டெக்கில் கேசட் ஓடும். கம்பி வழியாகப் படமும் ஒலியும் கம்ப்யூட்டருக்குப் போகும். கம்ப்யூட்டர் பதிவு செய்யும். கேசட் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் அசந்தால் சில படங்கள் கைநழுவிப் போய்விடும். இதைப் ‘படம் தவறுதல்’ என்போம்.

தம்பி கம்ப்யூட்டரில் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு 50 படங்கள் தவறியிருந்தன. 90,000 படங்களில் 50 போனால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 50 படம் என்பது 2 நொடி. படம் 2 நொடி குறைந்துவிட்டது. ஒலி குறையவில்லை. அதனால் படம் முந்திவிட்டது. ஒலி பின்தங்கியது.

அரை மணிக்கு 1 நொடி. ஒரு மணிக்கு 2 நொடி. ஒன்றரை மணிக்கு 3 நொடி. அக்காவின் சீட்டும் இதையே சொன்னது.

படங்கள் ஏன் தவறின? கேசட் ஓடும்போது அதே கம்ப்யூட்டரில் போட்டோ பிரிண்ட் வேலையும் நடந்தது. டிஸ்க்கிலும் இடம் குறைவாக இருந்தது. கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கிவிட்டது.

“கேசட்டைக் கொடுங்கள் அக்கா. மறுபடி பதிவு செய்துவிடலாம்” என்றார் தம்பி. பிறகு கொஞ்சம் தயங்கினார். “நல்ல வேளை, அன்று நான் சொன்னதை நீங்கள் கேட்கவில்லை” என்றார்.

இந்த முறை கம்ப்யூட்டருக்கு வேறு வேலை கொடுக்கவில்லை. ஒரு படமும் தவறவில்லை. அக்கா அங்கேயே உட்கார்ந்து மூன்று இடங்களைப் பார்த்தார். முதல், நடு, கடைசி. நலங்குப் பாட்டு வந்தது. அம்மாவின் வாயும் குரலும் ஒன்றாக அசைந்தன. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கோளாறும் காரணமும்

ஒலி பின்தங்குவது மூன்று விதம். எந்த விதம் என்று தெரிந்தால் காரணம் தெரியும்.

1. முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவு தாமதம். இது எளிய கோளாறு. ஒலியை மொத்தமாக முன்னே நகர்த்தினால் போதும். மறுபடி பதிவு செய்ய வேண்டாம்.

2. முதலில் சரி, போகப்போகத் தாமதம் கூடுகிறது. அக்காவுக்கு வந்தது இதுதான். படங்கள் தவறியிருக்கலாம். மறுபடி பதிவு செய்வதே நல்லது. கேசட் இல்லாமல் போயிருந்தால், ஒலியின் நீளத்தைப் படத்தின் நீளத்துக்குச் சமமாகச் சுருக்கிப் பார்க்கலாம்.

3. ஓர் இடம்வரை சரி, திடீரென்று மாறுகிறது. அந்த இடத்தில் கேசட்டின் நாடா கசங்கியிருக்கும் அல்லது அறுந்து ஒட்டியிருக்கும். அந்த இடத்தில் வெட்டி, இரண்டு துண்டாகப் பதிவு செய்து சேர்க்க வேண்டும்.

இன்னும் சில கோளாறுகள் உண்டு.

குரல் கட்டையாகிவிட்டதா? பெண் குரல் ஆண் குரல்போல் இழுக்கிறதா? ஒலியைக் கம்ப்யூட்டர் சின்னச் சின்ன அளவுகளாகப் பதிவு செய்கிறது. வி.சி.டி.க்கு நொடிக்கு 44,100 அளவுகள். டிவிடிக்கு நொடிக்கு 48,000 அளவுகள். ஒன்றை மற்றொன்றாக நினைத்து ஓட்டினால் குரல் கட்டையாகும் அல்லது கீச்சிடும். ஒலியை முறைப்படி மாற்றித் தரச் சொல்லுங்கள்.

ஒலியே வரவில்லையா? கம்பிகளைப் பாருங்கள். மஞ்சள் கம்பி படத்துக்கு. வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. பல பழைய டெக்குகளில் ஒலிக்கு ஒரே ஓட்டைதான் இருக்கும். அதில் வெள்ளைக் கம்பியைச் செருக வேண்டும்.

படம் கறுப்பு வெள்ளையாக வருகிறதா? உருளுகிறதா? நம் நாட்டு முறையின் பெயர் ‘பால்’. இது நாம் குடிக்கும் பால் அல்ல! அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருந்த முறை வேறு. அதன் பெயர் என்.டி.எஸ்.சி. அங்கே நொடிக்குச் சுமார் 30 படங்கள். உறவினர் அங்கிருந்து அனுப்பிய கேசட் என்றால், முதலிலேயே ஸ்டுடியோவில் சொல்லிவிடுங்கள்.

மனிதர்கள் குட்டையாக, குண்டாகத் தெரிகிறார்களா? பழைய டிவியின் திரை 4-க்கு 3 என்ற அளவு. இப்போதைய டிவி 16-க்கு 9. பழைய படத்தை இழுத்து நிரப்பக் கூடாது. இருபுறமும் கறுப்புப் பட்டை இருப்பதே சரி.

படம் கட்டம் கட்டமாக உடைகிறதா? ஒரே டிஸ்க்கில் அளவுக்கு மீறித் திணித்திருப்பார்கள். ஒரு டிவிடியில் 2 மணி நேரம் நன்றாக அடங்கும். 3 மணி நேரக் கேசட்டை 2 டிவிடியாக வாங்குங்கள். வி.சி.டி. என்றால் ஒன்றில் சுமார் 80 நிமிடம்தான் அடங்கும்.

கம்ப்யூட்டரில் ஓடுகிறது, வீட்டு பிளேயரில் ஓடவில்லையா? வீடியோவை அப்படியே நகல் எடுத்திருப்பார்கள். பிளேயருக்கு ஏற்ற டிவிடி முறையில் எழுத வேண்டும். எழுதிய பிறகு டிஸ்க்கை முறையாக முடித்து மூடவும் வேண்டும். இல்லாவிட்டால் பிளேயர் அதைப் படிக்காது.

செல்போனில் எடுத்த வீடியோவிலும் ஒலி பின்தங்குகிறதா? செல்போன் எப்போதும் ஒரே சீராகப் படம் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் நொடிக்கு எடுக்கும் படங்களும் குறையலாம். டிஸ்க்கில் எழுதும் முன் நொடிக்கு 25 படம் என்று சீராக்க வேண்டும்.

கேசட்டைக் கொடுக்கும் முன்

கேசட்டின் கண்ணாடி வழியாக நாடாவைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிகிறதா? அது பூசணம். அப்படியே டெக்கில் போடாதீர்கள். நாடா அறுந்து போகலாம். டெக்கும் கெடும். மற்றக் கேசட்டுகளுக்கும் பூசணம் பரவும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கேசட்டின் முதுகில் ஒரு சின்ன பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதை உடைத்துவிடுங்கள். பிறகு தவறுதலாக யாரும் அதன்மேல் வேறு பதிவு செய்ய முடியாது.

கேசட்டின்மேல் பெயர், ஊர், ஆண்டு எழுதி ஒட்டுங்கள். உங்களுக்கு முக்கியமான காட்சி எது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

டிஸ்க் வாங்கிய பின்

பணம் கொடுக்கும் முன் மூன்று இடங்களைப் போட்டுப் பாருங்கள். முதல், நடு, கடைசி. முதல் ஐந்து நிமிடம் மட்டும் பார்த்தால் கோளாறு தெரியாது.

டிஸ்க்கின்மேல் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள். அழுத்தினால் கீறல் விழும். டிஸ்க்குக்கான மார்க்கரால் எழுதுங்கள். வெயிலில் வைக்காதீர்கள்.

டிஸ்க்கும் என்றென்றைக்கும் இருக்காது. ஒரு நாள் அதுவும் கெடும். அதனால் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஒரு நகல் உங்களிடம். ஒரு நகல் உறவினர் வீட்டில். பென் டிரைவிலும் ஒன்று இருக்கட்டும்.

மாற்றியாகிவிட்டது என்று கேசட்டைத் தூக்கி எறியாதீர்கள். அது மூலம். மூலம் இருந்தால் தவறைத் திருத்தலாம். அக்காவுக்கு அம்மாவின் பாட்டு திரும்பக் கிடைத்தது அதனால்தான்.

கணக்குப் போடுங்கள்

1. ஒரு நொடிக்கு 25 படங்கள். 100 படங்கள் தவறினால் ஒலி எத்தனை நொடி பின்தங்கும்?

2. கேசட் 180 நிமிடம் ஓடுகிறது. ஒரு வி.சி.டி.யில் 80 நிமிடம் அடங்கும். எத்தனை வி.சி.டி. வேண்டும்?

பேசுங்கள்

1. அக்கா எழுதிய சீட்டு தம்பிக்கு எப்படி உதவியது?

2. உங்கள் வீட்டில் யாருடைய குரல் பழைய கேசட்டில் இருக்கிறது? அது இப்போது எங்கே இருக்கிறது?

3. இன்றே அதைத் தேடி எடுங்கள். அதன்மேல் பெயரும் ஆண்டும் உங்கள் கையாலேயே எழுதி ஒட்டுங்கள்.

விடை: 4 நொடி; 3 வி.சி.டி.