கிட்டார் கழுத்து தடிமனா? இழைத்து மெலிதாக்கலாம்

எலெக்ட்ரிக் கிட்டாரின் கழுத்து உள்ளங்கைக்கு அடங்காவிட்டால் பார் கார்டு பிடிக்கும்போது கட்டைவிரல் வலிக்கும். பின்பக்க மரத்தைக் கொஞ்சம் இழைத்தால் போதும்.

1. முதல் ஃப்ரெட்டிலும் 12ஆம் ஃப்ரெட்டிலும் வெர்னியரால் கனம் பாருங்கள். பல கழுத்துகள் முறையே 21, 23 மி.மீ. அளவில் இருக்கும், 1 மி.மீ. குறைந்தாலே கைக்குத் தெரியும். உள்ளே டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி ஓடுகிறது. அதன் ஆழம் தெரியாமல் 20 மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள். மரம் பொத்துக்கொண்டால் கழுத்தே வீண்.

2. தந்திகளைக் கழற்றி, திருகில் நிற்கும் கழுத்தைத் தனியே எடுங்கள். ஒட்டுக் கழுத்து என்றால் உடலோடு வைத்தே வேலை செய்யுங்கள்.

3. நடுக்கோடு போட்டு, இருபுறமும் அரத்தால் சமமாகப் பட்டை எடுங்கள். பட்டை சமமாக இருந்தால் வளைவு கோணாது. அட்டையில் வெட்டிய அச்சை அடிக்கடி வைத்துப் பாருங்கள்.

4. உப்புத்தாளால் 120, 240, 400 என்ற வரிசையில் மரத்தின் ரேகைப் போக்கிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் கீறல் நிற்கும். முகக்கவசம் அவசியம், ஈட்டி மரத்தூள் மூச்சுக்கு ஆகாது.

5. உடனே ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள், வெறும் மரம் ஈரம் குடிக்கும். துடைத்த துணியைச் சுருட்டி வைக்காமல் விரித்துக் காயவிடுங்கள். சுருட்டினால் தானாகவே தீப்பிடிக்கலாம்.

6. தந்தி கட்டியபின் டிரஸ் ராடைக் கால் சுற்றாகச் சரிசெய்யுங்கள். மெலிந்த கழுத்து கூடுதலாக வளையும்.

அரம் பிடித்துப் பழக்கமில்லையா? கள்ளக்குறிச்சி கருணாபுரத்துக்காரர்களுக்கு வெளியூர் அலைச்சல் வேண்டாம். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத் தச்சர்களிடம், அளவை எழுதிக் கொடுத்து இழைக்கச் சொல்லுங்கள்.