நீரியல் பொறியாளராகும் வழி

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பொழிந்ததையும், குளங்கள் உடைந்து ஊர்களில் வெள்ளம் புகுந்ததையும் நாம் மறந்துவிடவில்லை. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளுள் கடைசியானது ஸ்ரீவைகுண்டம். அதனைக் கடந்த நீர் புன்னைக்காயலருகே முத்துக்குளித்துறைக் கடலில் கலக்கின்றது. கடைமடையாதலின் இப்பகுதிக்குக் கோடையில் பற்றாக்குறை, பெருமழையில் வெள்ளம். குளக்கரை எவ்வளவு உயரம் வேண்டும், மறுகாலில் விநாடிக்கு எத்தனை கன அடி செல்லும் எனக் கணக்கிட்டுச் சொல்பவரே நீரியல் பொறியாளர்.

இதற்குரிய படிப்பு வழிகள் இரண்டு. பத்தாம் வகுப்புக்குப்பின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு சிவில் டிப்ளமா பெற்று, பொறியியல் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். அன்றிப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் பயின்று, நான்காண்டு சிவில் பட்டம் பெறலாம். இப்படிப்புத் தூத்துக்குடி வ.உ.சி. பொறியியல் கல்லூரியிலும் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியிலும் உண்டு. மேற்கொண்டு கிண்டியில் நீர்வளப் படிப்பு ஈராண்டு பயிலலாம். துறைமுகப் பணியில் நாட்டமுள்ளோர் சென்னை ஐ.ஐ.டி.யில் கடல்சார் பொறியியல் கற்கலாம். தேர்வாணையத் தேர்வில் வென்றோர் நீர்வளத் துறையில் உதவிப் பொறியாளராகலாம்.

கணக்கில் வல்ல பிள்ளையின் படிப்பு, ஆணாயினும் பெண்ணாயினும், பத்தாம் வகுப்போடு நின்றுவிடலாகாது. அத்தகைய பிள்ளைகளைக் கண்டறிந்து பெற்றோருக்கு இவ்வழியை எடுத்துரைத்தல் பஞ்சாயத்து அங்கத்தினர்களின் கடமையாகும். அடுத்த பெருமழைக்கு முன் நம் குளங்களை அளக்க அறிந்தோர் நம் ஊரிலேயே தோன்றுதல் வேண்டும்.