பந்தலில் பேசாத கணக்கு

பட்டுக்கோட்டை,
ஆடி மாதம்.

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுவது. வாட்ஸ்அப்பில் நீ பேசி அனுப்பியதைக் கேட்டேன். நானும் பேசியே அனுப்பியிருக்கலாம். ஆனால் பேச ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவேன், நீ வேலை நடுவில் கேட்டுக்கொண்டிருப்பாய். ஆகையால் காகிதத்தில் எழுதி, எதிர்வீட்டுப் பிள்ளையை விட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். என் கையெழுத்து உனக்குப் பழக்கம்தான். ஒன்றாம் வகுப்பில் நான் போட்ட கோட்டின் மேல்தானே எழுதிப் பழகினாய்.

நீ கேட்டது ஒரு கேள்வி. பங்குனியில் அப்பா போனார், ஆவணியில் தங்கச்சி கல்யாணத்தை வைக்கலாமா, ஊர் என்ன சொல்லும்? வை. என் அண்ணன், உன் அப்பா, இருந்து வெற்றிலை பாக்கு மாற்றிய சம்பந்தம் அது. ஊரில் இரண்டு கட்சி உண்டு. வருஷம் திரும்பாமல் வீட்டில் நல்லது கூடாது என்பார்கள் சிலர். வருஷத்துக்குள்ளேயே பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிடு, போனவருக்கு அதுதான் புண்ணியம் என்பார்கள் சிலர். இரண்டு கட்சியிலும் நம் சொந்தக்காரர்களே இருக்கிறார்கள். நீ எதைச் செய்தாலும் பாதிப் பேர் பேசத்தான் போகிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குச் சம்மதம், அண்ணிக்குச் சம்மதம், கட்டிக்கொள்கிறவளுக்கும் சம்மதம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நீ கேட்காத ஒன்றுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பங்குனியில் சாவு. ஆவணியில் கல்யாணம். ஐப்பசியில் உன் மனைவிக்கு வளைகாப்பு, தையில் பிரசவம். திரும்ப ஒரு பங்குனி வந்தால் தலைத் திவசம். ஒரே வருஷத்தில் நம் வாசலில் பந்தல் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கப் போகிறது. சிங்கப்பூரிலிருந்து நீ, மன்னார்குடியிலிருந்து அக்கா, சென்னையிலிருந்து சித்தப்பா என்று எல்லோரும் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டால் நம் ஆட்களுக்குச் சொத்துப் பாகம் பற்றி ஒரு யோசனை தோன்றும். "எல்லாரும் இருக்கோம், இப்பவே பேசி முடிச்சிடுவோமே. அப்புறம் எப்ப கூடப் போறோம்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கும். எனக்குத் தெரிந்த வீடுகளில் பாதி மனஸ்தாபம் இந்தக் கேள்விக்குச் 'சரி' என்று தலையாட்டியதில்தான் ஆரம்பித்தது.

முகூர்த்தத்துக்கு முன்னாலேயே தங்கச்சியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று சித்தப்பா சொல்லிக்கொண்டிருப்பதாகக் காதில் விழுந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, என் தம்பியை எனக்குத் தெரியும். கல்யாணமாகிப் போய்விட்டால் மாப்பிள்ளை வீட்டார் தலையிடுவார்களோ என்ற பயம். ஆனாலும் நீ அதற்கு இடம் கொடுக்காதே.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். மூத்த பிள்ளைக்கு உருமா கட்டியாகிவிட்டது. கொல்லையில் பந்தி நடந்துகொண்டிருக்கிறது. பத்திரம் எழுதுகிறவர் அதற்குள் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டார். என்னைக் கூப்பிட்டார்கள், மறுநாள் பதிவு அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள், போய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அப்பா விட்டுப்போன நிலத்தை நினைத்து நான் ஒரு நாளும் ஏங்கியதில்லை. வருஷம் கழித்துக் கேட்டிருந்தால் நானே பஸ் ஏறி வந்து போட்டிருப்பேன். அன்றைக்கு எனக்கு அப்பாவுக்காக அழ வேண்டியிருந்தது, அதற்கு விடவில்லை. என்னைக் கேட்டவர் உன் அப்பாதான். அதற்கப்புறம் ஒரு பொங்கல்கூடத் தவறாமல் கரும்பும் மஞ்சள் கொத்துமாகச் சீர் கொண்டு வந்தார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, தென்னந்தோப்பு மொத்தமும் தரையில் படுத்துக் கிடந்த அந்தப் பொங்கலுக்கும் வந்தார். ஏன் அப்படி விடாமல் வந்தார் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு தடவைகூட வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள், யாராவது "பொம்பளப்புள்ளைக்கு என்ன பங்கு" என்று ஆரம்பித்தால் உதவும். அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் விட்டதில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்பது 1956-ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்திலும் பெண்ணுக்குப் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இல் வந்தது. அப்போது கல்யாணமாகியிருந்தவர்களுக்குக் கிடையாது, அதில் நானும் ஒருத்தி. 2005-இல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் என்று ஆனது. தங்கச்சி தன் பங்கை உனக்கே விட்டுக் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். எதுவானாலும் மருதாணி காய்ந்துகொண்டிருக்கிற கையால் வேண்டாம். கஜாவுக்குப் பிறகு உன் அப்பா ஊன்றிய தென்னங்கன்றுகள் இப்போதுதான் பாளை விடுகின்றன. இன்னும் ஒரு வருஷம் தோப்பு அளக்காமல் கிடந்தால் ஒன்றும் குறைந்துபோகாது.

காகித வேலை வேறு, பாகப் பேச்சு வேறு. காகிதத்தைத் தள்ளிப் போடாதே. இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டோம். தையில் பிள்ளை பிறந்தால் அதற்கும் அதே 21 நாள்தான். தங்கச்சி கல்யாணத்தை 90 நாளுக்குள் பதியச் சொல், மாப்பிள்ளை வெளிநாடு போகிற யோசனையில் இருக்கிறார், அப்போது தேடி அலைய வேண்டாம். வாரிசுச் சான்றுக்குத் தாசில்தார் அலுவலகத்தில் கொடுத்த மனுவை ஒரு தடவை நீயே படித்துப் பார். அண்ணி, நீ, அக்கா, தங்கச்சி என்று நாலு பெயர் இருக்கும். ஐந்தாவதாக இருக்க வேண்டிய பெயர் அப்பாயியுடையது. பிள்ளை போகும்போது தாய் உயிரோடு இருந்தால் அவளும் முதல் வகை வாரிசுதான். மனு எழுதியவர் விட்டுவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம்.

மனுவில் மட்டுமா விட்டுப்போனாள்? துக்கம் கேட்க வந்தவர்கள் அண்ணி கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். உன்னைக் கட்டிக்கொண்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் பின்கட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. "வயசாயிடுச்சு, அவுங்களுக்கு என்ன தெரியப் போவுது" என்று ஒருத்தி என் எதிரிலேயே சொன்னாள். எல்லாம் தெரியும். இன்றைக்கும் ராத்திரி படலைச் சாத்தாதே, அவன் வருவான் என்கிறாள். சொல்லிவிட்டு உடனே, இல்லை இல்லை சாத்திடு என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசும்போது போனை அப்பாயியிடமும் கொடுக்கச் சொல். என்ன பேசுவது என்று தயங்காதே. சாப்பிட்டியா என்று கேள், போதும். உன் அப்பா சின்ன வயதில் எதைச் சாப்பிடமாட்டேன் என்று உருண்டான் என்பதில் தொடங்கி அவளே பேசிக்கொண்டு போவாள்.

அடுத்தது அண்ணி. கல்யாணத்தன்று உன் அம்மா எங்கே இருப்பார் என்று நினைக்கிறாய்? யாரும் போகச் சொல்லாமலே சமையல்கட்டுக்குப் போய்விடுவார். சாம்பாருக்கு உப்புப் பார்க்கிறேன் என்பார். கெட்டிமேளம் கொட்டும்போது தூண் மறைவில் நிற்பார். என் மகன் கல்யாணத்தில் நான் அப்படித்தான் நின்றேன். தூணுக்குப் பின்னாலிருந்து தாலி ஏறுவது தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். நம் வீட்டில் அது இன்னொரு தடவை நடக்கக் கூடாது. ஆசீர்வாதத்துக்குத் தாலித் தட்டு சுற்றும்போது முதலில் அண்ணியிடம் போக வேண்டும். சொந்தக்காரக் கிழவிகள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். 1967-இல் அண்ணா ஆட்சியில் சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்று ஆனதற்கு முன்னும் பின்னும் நம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் அப்படி எத்தனையோ கல்யாணம் நடந்திருக்கிறது. புருஷனை இழந்த தாயே தாலி எடுத்துக் கொடுத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தத் தம்பதிகள் பேரன் பேத்தி எடுத்துவிட்டு இன்றும் சண்டை போட்டுக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருக்கிறார்கள்.

ஆனால் இதை மேடையில் திடீரென்று செய்து காட்டாதே. முன்கூட்டியே சம்பந்தி வீட்டுக்குப் போய், எங்கள் வழக்கம் இப்படி என்று சொல்லிவிட்டு வா. அண்ணியே வேண்டாம் என்று மறுப்பார். நீ வற்புறுத்தாதே, அக்காவை விட்டுப் பேசச் சொல். அப்போதும் மனசு வராவிட்டால் விட்டுவிடு, அவருக்குப் பிடிக்காததை நம் கொள்கைக்காகச் செய்ய வைப்பதும் அராஜகம்தான். நாற்காலி மட்டும் முன்வரிசையில் இருக்க வேண்டும், அதில் அவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்பா படத்துக்கு மாலை போட்டு மேடையில் நாற்காலியில் வைப்பது இப்போது எல்லா மண்டபத்திலும் பார்க்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை. தாலி கட்டுகிற நேரத்தில் அந்தப் பெண் யாரைப் பார்ப்பாள்? வீட்டிலிருந்து புறப்படும்போது சாமி அறையில் படத்தைக் கும்பிட்டு, வேண்டுமட்டும் அழுதுவிட்டுக் காரில் ஏறட்டும். கண்ணீர் அஞ்சலிக்கு அடித்த அதே ஃப்ளெக்ஸ் கடையில், அதே படத்தைக் கொடுத்துக் கல்யாண வரவேற்புப் பலகையும் அடிக்கப் போகிறார்கள் உன் பங்காளிப் பையன்கள். அதைத் தடுக்க என்னால் முடியாது, உன்னால் முடிந்தால் பார்.

இங்கே ஆடி பிறந்ததிலிருந்து பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு எல்லாம் ஒரே மொய் விருந்து. தினம் ஒரு பத்திரிகை வருகிறது. உன் அப்பா இருந்தால் சட்டைப்பையில் துண்டுச் சீட்டோடு இந்நேரம் சுற்றிக்கொண்டிருப்பார். அவருடைய மொய் நோட்டுகள் பீரோ மேல்தட்டில் இருக்கின்றன. பந்தலில் வைத்துப் பேசத் தகுந்த கணக்கு அது ஒன்றுதான். அவர் வாங்கியிருந்தது இனி நீ திருப்ப வேண்டியது. கல்யாணத்துக்கு வருகிற மொய்யும் உன் பெயருக்குத்தான் ஏறும். அதை வருமானம் என்று நினைத்து மண்டபத்துக்கும் நகைக்கும் இப்போதே செலவெழுதாதே. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, ஆனால் கடன்தான். மொய் எழுதும் இடத்தில் அண்ணியைப் பக்கத்தில் உட்கார வை. நோட்டில் தொகைதான் இருக்கும். கஜா வருஷத்தில் தோடு அடகு வைத்து யார் நமக்கு எழுதினார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். நீ சிங்கப்பூரில் இருக்கும்போது செய்முறைக்கு யார் போவது என்பதையும் முடிவு செய். அண்ணியைத் தனியாகக் கல்யாண வீடுகளுக்கு அனுப்பாதே, கூட அக்கா போகட்டும், நானும் போகிறேன்.

தை மாதத்துக்கு ஒரு வார்த்தை. பிறப்பது ஆணாயிருந்தால் அப்பாவே வந்து பிறந்துவிட்டார் என்று ஊரே சொல்லும். அப்பாயி முதல் ஆளாகச் சொல்வாள், அவள் சொன்னால் மறுக்காதே. நீ சொல்லாதே. அந்தப் பிள்ளை பிறந்த அன்றே ஒரு பெரிய மனிதரின் வேலையைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை. பெண்ணாயிருந்தால் சிலர் முகம் சுருங்கும். அந்த நேரத்தில் உன் முகத்தைத்தான் உன் மனைவி பார்ப்பாள்.

உனக்கு இருக்கிற லீவைக் கல்யாணத்திலேயே கரைத்துவிடாதே. முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன்னால் திருச்சியில் இறங்கு, மறுவீடு முடிந்ததும் கிளம்பு. வளைகாப்புக்கு நீ தேவையே இல்லை. அது பெண்கள் காரியம், வந்தாலும் வாசலில்தான் நிற்பாய். தையில் பத்து நாளாவது ஒரத்தநாட்டில் மாமனார் வீட்டில் இரு. மிச்சத்தைப் பங்குனிக்கு வை. திவசம் முடிந்து, பந்தல்காரன் கம்பு பிடுங்கிப் போய், சொந்தமெல்லாம் பஸ் ஏறிய பிறகு நீங்கள் ஐந்து பேரும் சித்தப்பாவும் மட்டும் உட்கார்ந்து தோப்பைப் பற்றிப் பேசுங்கள். என்னைக் கூப்பிட்டால் வருகிறேன், கூப்பிடாவிட்டாலும் கோபமில்லை. சித்தப்பாவிடம் இதை நானே சொல்லிவிடுகிறேன், நீ மல்லுக்கு நிற்க வேண்டாம்.

வரும்போது கோடாலித் தைலம் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கி வா. போன தடவை கொண்டு வந்ததை அப்பாயி தெருவுக்கே பங்கு வைத்துவிட்டு, எனக்கு ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அத்தை.