பணிவு வேறு, மௌனம் வேறு

குருவிடம் பக்தி, பெரியோரிடம் மரியாதை, சொல்லுக்குக் கீழ்ப்படிதல் ஆகியவை ஆன்மிக நெறியில் நிற்கும் குடும்பங்களில் குழந்தைக்கு முதலில் புகட்டப்படும் பண்புகள். அவை போற்றத்தக்கவையே. ஆயினும் பெற்றோரும் ஆசிரியரும் சிந்திக்க வேண்டிய வினா ஒன்று உண்டு. மரியாதைக்குரிய ஒருவரே தவறாக நடந்துகொண்டால், அப்போது குழந்தை என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதற்குக் கற்பித்திருக்கிறோமா?

இந்த வினாவின் அவசரத்தை ஓர் ஆய்வு உணர்த்துகிறது. மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்து, அதன் முடிவுகளை 2007-ஆம் ஆண்டில் வெளியிட்டது. பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள், ஆண், பெண் என்ற வேறுபாடின்றி, ஏதேனும் ஒரு வகையான பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகக் கூறினர். துன்புறுத்தியவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள் அல்லது நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருந்தவர்கள். பாதிக்கப்பட்ட குழந்தைகளுள் பெரும்பாலோர் அதை எவரிடமும் சொல்லவில்லை.

உபநிஷதம் காட்டும் எல்லை

தைத்திரீய உபநிஷதத்தின் சீக்ஷாவல்லியில், கல்வியை முடித்து வீடு திரும்பும் மாணவனுக்கு ஆசாரியர் அறிவுரை வழங்குகிறார். தாய், தந்தை, ஆசாரியர், விருந்தினர் ஆகியோரைத் தெய்வமாகக் கருத வேண்டும் என்ற உபதேசம் அனைவரும் அறிந்ததே. அதை அடுத்து வருவதைப் பலர் கவனிப்பதில்லை. குற்றமற்ற செயல்களையே செய்ய வேண்டும். ஆசாரியர்களாகிய தங்களிடத்திலும் நல்லொழுக்கமாக உள்ளவற்றை மட்டுமே பின்பற்ற வேண்டும், மற்றவற்றை அல்ல என்கிறார் அவர். தம்மிடம் செலுத்தப்படும் மரியாதைக்கு எல்லையை ஆசாரியரே வகுத்துவிடுகிறார். மரியாதை என்னும் பெயரால் தவறுக்கு உடன்படுவதை நம் மரபு கேட்கவில்லை.

கடோபநிஷதத்தின் நசிகேதனும் இதையே உணர்த்துகிறான். பயனற்ற கிழப்பசுக்களைத் தந்தை தானமாக அளிப்பதைக் கண்டு சிறுவன் வாளாவிருக்கவில்லை, கேள்வி கேட்டான். அவ்வாறு கேட்கத் தூண்டியதைச் ‘சிரத்தை’ என்றே உபநிஷதம் குறிக்கிறது. பின்னர் எமன், தன் இல்லத்தில் மூன்று இரவுகள் உண்ணாமல் காத்திருந்த அச்சிறுவனை வணங்கி, அந்தக் குறைக்கு ஈடாக மூன்று வரங்கள் அளித்தான். சிறியவருக்கும் மரியாதை உரியது. தவறு நேர்ந்தால் பெரியவரே இறங்கிவர வேண்டும்.

கற்பிக்க வேண்டியவை

பிறரை மதிக்கக் குழந்தை கற்பது, தான் மதிக்கப்படும் அனுபவத்திலிருந்தே. அடியும் அவமதிப்புமே கல்வி முறையானால், வலியவர் எளியவரை எப்படியும் நடத்தலாம் என்பதே மனத்தில் பதியும் பாடம். உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது.

உடலின் எல்லா உறுப்புகளுக்கும் உரிய பெயர்களைக் கூச்சமின்றிச் சொல்லித்தர வேண்டும். பெயர் தெரியாத குழந்தையால் நடந்ததை விளக்க இயலாது. விருப்பமில்லாத குழந்தையை, உறவினராயினும், கட்டியணைக்குமாறு வற்புறுத்தலாகாது. கைகூப்பி வணங்குதலே போதுமான மரியாதை. ‘யாரிடமும் சொல்லாதே’ என்று ஒரு பெரியவர் கூறினால், அதைத்தான் முதலில் வந்து சொல்ல வேண்டும் என்று பழக்க வேண்டும். ஒருவர் செவிசாய்க்காவிட்டால் இன்னொருவரிடம் சொல்லலாம், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம் என்பதும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். இவையனைத்தும் தோழர்களிடம் தான் நடந்துகொள்ளும் முறைக்கும் பொருந்தும் என்பதைக் குழந்தை உணர வேண்டும். மற்றவர் ‘வேண்டாம்’ என்றால் நிறுத்திவிடுவது அஹிம்சையின் அரிச்சுவடி.

கேட்பவரின் தர்மம்

தயங்கித் தயங்கிக் குழந்தை வாய்திறக்கும்போது, ‘அவர் அப்படிப்பட்டவர் அல்லர்’ என்ற ஒரு சொல் போதும், அது மீண்டும் பேசாது. பொறுமையுடன் கேட்பதும், ‘நீ சொன்னது நல்லது, இது உன் தவறன்று’ என்று தேற்றுவதுமே முதற்கடமை. துருவித் துருவி விசாரிப்பது நம் வேலையன்று.

அடுத்த கடமையைச் சட்டமே விதிக்கிறது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, இத்தகைய குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தம் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்கத் தவறும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் இல்லத்திலோ அது விரும்பும் இடத்திலோ பெறலாம். பதிவு செய்யும் அதிகாரி சீருடையில் இருத்தல் கூடாது. ஆகவே காவல்துறை என்ற அச்சத்தால் பின்வாங்க வேண்டியதில்லை.

நிறுவனத்தின் நற்பெயர் கெடுமே என்ற எண்ணம் பள்ளியிலும் எழும், ஆசிரமத்திலும் எழும், பாலர் வகுப்பிலும் எழும். பொய்யால் காக்கப்படும் நற்பெயருக்கு விலை ஒரு குழந்தையின் வாழ்வு. அதே சீக்ஷாவல்லி உபதேசம் தொடங்குவது, உண்மை பேசு என்ற கட்டளையுடன். அதை மாணவர்களுக்குக் கற்பிக்கும் இடங்கள் முதலில் தாம் கடைப்பிடிக்க வேண்டும். அங்கேதான் குழந்தை அச்சமின்றிப் பணியவும், அச்சமின்றிப் பேசவும் கற்கும்.