கலம் கைமாறும் காலம்

முன்னுரை

வீடும் நிலமும் தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்தில் நிலைபெறுதல் உலக வழக்கு. கடலில் ஓடும் கலத்திற்கு அத்தகைய நிலைபேறு உண்டா? ஒருவர் தம் கலத்தை எத்துணைக் காலம் வைத்திருப்பர்? எப்போது விற்பர்? நாவாய், வங்கம், தோணி, அம்பி, திமில் எனச் சங்கச் சான்றோர் கலங்களைப் பல பெயர்களால் சுட்டினர். அப்பெயர்களைக் கற்கும் நாம் அவற்றின் வாழ்நாளை எண்ணிப் பார்ப்பதில்லை. மரம், வரவுசெலவு, காலமாற்றம் ஆகிய மூன்றும் அதனை வரையறுக்கின்றன என்பதை ஈண்டுக் காண்போம்.

மரம்

கட்டுமரம் கயிற்றால் பிணைக்கப்படுவது. கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து, நீர் ஊறிய மரங்களை மணலில் உலர்த்துவர். ஒரு மரம் இற்றுப்போனால் அதனை மட்டும் மாற்றலாம். ஆதலின், பழைய கலம் எங்கே முடிந்தது, புதியது எங்கே தொடங்கியது என்று வரையறுத்தல் அரிது.

தேக்கின் இயல்பு வேறு. இலங்கைத் திருகோணமலையின் பெயர் தாங்கிய போர்க்கப்பல் ஒன்றை, மும்பையில் வாடியா குடும்பத்தார் ஆங்கிலேயக் கடற்படைக்காகத் தேக்கினால் கட்டி 1817இல் மிதக்கவிட்டனர். 1897இல் அக்கப்பல் உடைப்பதற்கென்றே விற்கப்பட்டது. எனினும், ஒருவர் அதனை வாங்கிப் பயிற்சிக் கப்பலாக்கினார். இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் அது காட்சிக் கலமாக மிதக்கின்றது. உடையவர் கைவிட்ட பின்னரும் மரம் கைவிடவில்லை.

வரவுசெலவு

மரம் உறுதியானதாயினும் பேணுதல் இன்றியமையாதது. கடற்புழு மரத்தைத் துளைக்கும். பலகைகளின் இடுக்குகள் நெகிழும். கலத்தைக் கரையேற்றிச் சுரண்டி, இடுக்குகளை அடைத்து, எண்ணெய் பூசுதல் வேண்டும். இடுக்கு அடைப்பதைக் கலப்பற்றுதல் என்பர். கலம் முதுமை எய்துந்தோறும் இச்செலவு ஏறும். பழுது பார்க்கும் நாள்களில் வருவாயும் நிற்கும். ஈட்டுவதைப் பழுதே விழுங்கத் தொடங்கும்போது, உடையவர் விற்பனையை எண்ணுகின்றார். ஆண்டுக் கணக்கன்று, இக்கணக்கே அவரை இயக்குகின்றது.

காலமாற்றம்

மரமும் கணக்கும் ஒத்துவரினும் காலம் ஒத்துவராமற் போவதுண்டு. நாகூர், பரங்கிப்பேட்டை, கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களின் மரக்காயர் பெருமக்கள் பாய்க்கப்பல்களால் கடல் வாணிகம் வளர்த்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவிக் கப்பல்கள் பெருகவே, அவ்வாணிகம் சுருங்கியது. கலம் பழுதுறும் முன்னரே அதற்குரிய தொழில் பழுதுற்றது.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலும் கைமாறிய கலமே. அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதனை விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் செலுத்திச் சென்று, 1938இல் மாசசூசெட்சின் குளோஸ்டர் துறையில் சேர்த்தனர். உடையவர் மாறியதும் கலத்தின் பெயரும் மாறியது.

நம் காலத்திலும் இது நிகழ்ந்தது. 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின், நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் பெருமளவில் வந்தன. கரைகள் பலவற்றில் கட்டுமரம் அருகியது.

முடிவுரை

கலம் கைமாறும்போது மரம் மட்டும் போவதில்லை. அதனோடு வாழ்ந்த சொற்களும் போகின்றன. மாலுமி, சுக்கான் என்பன அரபு வழியே வந்து தமிழாகிய சொற்கள். கொண்டல், கச்சான், சோழகம், வாடை என்பன திசைக்காற்றைக் குறிப்பவை. பாய் விரித்தோர்க்கு இவை அன்றாடத் தேவை. பாயை மறந்தோர்க்கு இவை அகராதிச் சொற்கள்.

மாணவச் செல்வங்களே! நும் வீட்டு மூத்தோரை அணுகிக் கேளுங்கள்: நம் கலத்தின் பெயர் யாது? எம்மரத்தால் ஆயது? எத்தனை ஆண்டு நம்மிடம் இருந்தது? ஏன் விற்றோம்? அவர் கூறும் சொற்களை அவர் கூறியவாறே எழுதி வையுங்கள். பெரியோர்களும் பழைய கணக்கேடுகளைக் கழிவுத்தாளாக்காது காத்தருள வேண்டுகின்றோம். விற்ற கலத்தை மீட்டல் அரிது. அதன் சொற்களையேனும் நாம் இழவாதிருப்போமாக!